வயிற்றுச் சாட்சி

ஆவுடைநாயகிக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் கோவில்பட்டியில் மிட்டாய்க்கடை வைத்திருக்கும் ஒருவர். காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, கையோடு பாளையங்கோட்டைக்குப் போன் போட்டார்.

“அம்மா, உங்க தட்டுல பொட்டாசியம் மஞ்சளாயிட்டே, பாத்தீயளா? நேத்து வரைக்கும் பச்சையாத்தான இருந்துச்சு? கிட்னியும் ஒரு மாதிரியா காட்டுது. உடம்பப் பாத்துக்கிடுங்கம்மா. உங்கள நம்பித்தான் மிட்டாய்க்கடைக்குள்ள உக்காந்து கீரையத் தின்னுக்கிட்டுக் கெடக்கேன்.”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி, மிஷின் சமயத்துல அப்படித்தான் காட்டும்” என்று சொல்லிப் போனை வைத்த ஆவுடையின் இன்னொரு கையில் பாதி கடித்த உளுந்தவடை இருந்தது. அவள் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறவள். மாடி ஏறினால் மூச்சு வாங்காது. ஆனாலும் மீதி வடையைக் கீழே வைத்துவிட்டாள். தட்டு பொய் சொல்லாது என்பது அவளுக்குத் தெரியும். அது காட்டுவது யாருடைய கிட்னி என்பதும் தெரியும்.

அந்தக் கிட்னிக்கு உரியவர் அடுப்படியில் நின்று அவளுக்கு இரண்டாம் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். அவள் கணவர் குற்றாலிங்கம்.

கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் விஷயம் விளங்கும். உணவு ஆலோசகர்கள் மழைக்காலத்து ஈசல் மாதிரிப் பெருத்துப்போன காலம் ஒன்று இருந்தது. ஒருவர் அரிசியே கூடாது என்றார், அடுத்தவர் அரிசியைத் தவிர வேறெதுவும் கூடாது என்றார். இப்படிச் சொன்னவர்களில் சிலர் ஐம்பதைத் தாண்டாமலே போய்ச் சேர்ந்தார்கள். ஊருக்குத்தான் உபதேசமா என்று ஜனங்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு சட்டமாயிற்று. ஊருக்குச் சொல்வதை ஆலோசகரும் தின்றாக வேண்டும். அவர் தின்பதை ஊர் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு குளிகை வந்தது. விழுங்கினால் உள்ளே வருவது கீரையா கேசரியா என்று பார்க்கும். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு, இதயம் எப்படி அடிக்கிறது என்று எல்லாவற்றையும் படித்துப் பக்கத்திலிருக்கும் ஆலோசகரின் போனுக்கு அனுப்பும். அங்கிருந்து அது அவருடைய ‘தட்டு’ என்ற பக்கத்துக்குப் போகும். எவர் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம். அரசாங்கம் அந்தக் குளிகைக்கு நாக்கு சுளுக்கும்படி ஒரு பெயர் வைத்தது. ஜனங்கள் வயிற்றுச் சாட்சி என்றார்கள்.

சட்டம் எழுதியவர்கள் சாப்பாட்டைத்தான் சந்தேகப்பட்டார்கள். சாப்பிடுகிற ஆளைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

ஆவுடையும் அப்படி ஓர் ஆலோசகர்; அவள் திட்டம் நல்ல திட்டம்தான். தன்னுடைய ரத்தப் பரிசோதனைகளைப் பக்கத்தில் பரப்பி வைத்துக்கொண்டு, தன் உடம்பைத் தானே கேள்வி கேட்டு அவள் உருவாக்கியது. தினம் இரண்டு வேளை கீரை, வாழைத்தண்டு, பதினோரு மணிக்கு இளநீர், சமையலுக்குச் சாதா உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் உப்பு. ரத்தக் கொதிப்புக்காரர்கள் பலருக்கு மாத்திரை குறைந்தது. கீரைக்காரி என்று கேலி பேசிய சொந்தபந்தங்களே அவளிடம் யோசனை கேட்டு வந்தார்கள். நான்கைந்து வருஷம் அவளும் அதைத்தான் சாப்பிட்டாள். கஷ்டப்பட்டுத்தான் சாப்பிட்டாள், ஆனால் சாப்பிட்டாள்.

அப்புறம் தங்கச்சி மகள் கல்யாணம் வந்தது. தங்கச்சி உயிரோடு இல்லை. தாயில்லாத பெண்ணுக்குத் தாயார் இடத்தில் நின்று மணையில் உட்கார்த்தி வைக்க வேண்டியவள் பெரியம்மாவான ஆவுடை. அவர்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி வைத்து விருந்து போடுவார்கள். தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல். முதல் பந்தியில் சம்பந்தியம்மாளோடு எதிர் இலையில் பெண்ணின் தாய் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த இலையில் கையை நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்தச் சமயம் பார்த்துத்தான் அரசாங்கத்தின் குளிகை தபாலில் வந்து சேர்ந்தது. போன் காமிரா முன்னால் விழுங்கிக் காட்ட வேண்டும்.

ஆவுடை காமிரா முன்னால் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். காமிரா அணைந்ததும் கன்னத்துக்குள்ளிருந்து எடுத்துக் கழுவிக் கணவரிடம் நீட்டினாள்.

“மூணே நாளுங்க. பொறவு அதுவா வெளிய போயிரும். அந்தப் பிள்ள முகத்தப் பாத்துக்கிட்டு நான் எப்படி இலையில உக்காந்து கீரையத் திங்க?”

“நான் சொதி சாப்பிடாட்டா என்ன? மின்வாரியத்துக்காரன் எலையில உக்காந்தானா, எந்திச்சானான்னு எந்தச் சம்பந்தி பாக்கா?” என்றார் அவர். உதவிப் பொறியாளராக இருந்தவர். எதைப் போட்டாலும் சாப்பிடுவார், போடாவிட்டாலும் கேட்கமாட்டார். வாங்கி விழுங்கிவிட்டார்.

முன்பு சோதனைக்குக் கொடுத்த குளிகைகள்தான் மூன்று நாளில் வெளியேறுகிறவை. இது புது வகை; இரைப்பைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், அறுத்தால்தான் வரும். அனுப்பியவர்கள் அதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். கல்யாண அவசரத்தில் அவள் காதில் வாங்கவில்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். அவர்கள் விஷயத்தில் மூன்று நாள் ஒன்பது வருஷமாயிற்று.

அந்த ஒன்பது வருஷமும் குற்றாலிங்கம் தன் மனைவியின் பெயரில் சாப்பிட்டார். அவள் பெயரில் பசித்தார், அவள் பெயரில் நடைப்பயிற்சி போனார். போன் பக்கத்தில் இருந்தால்தான் சாட்சி பேசும் என்பதால் அவள் பேசப்போகும் ஊருக்கெல்லாம் கூடவே போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். அவள் போன் அவருடைய சட்டைப்பையில் இருக்கும். மேடையில் அவள் கீரையை ஒரு வாய் எடுத்துக் காட்டினால், கீழே அவரும் அதே நேரம் டப்பாவைத் திறந்து ஒரு வாய் போட்டுக்கொள்வார். தட்டில் பச்சை விளக்கு எரியும், கூட்டம் கைதட்டும். இருந்தால் இப்படி ஜோடியாக இருக்க வேண்டும் என்று பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். அவர்கள் நினைத்ததில் தப்பொன்றும் இல்லை.

அன்று காலை ஆவுடை அடுப்படிக்குள் போனாள்.

“கால நீட்டுங்க.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து நீட்டினார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

“எத்தன நாளா?”

“நவராத்திரிக்கு முன்னாடி இருந்தே செருப்பு இறுக்குச்சு. புதுச் செருப்புல்லா, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

“அரிப்பு இருக்கா? வாயில இரும்பு மாதிரி ருசி?”

“ஏளா, டோக்கன் போட்டு வந்தவங்கிட்ட கேக்க மாதிரிக் கேக்கியே” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும், “இருக்கு” என்றார்.

அவளுக்குக் கணக்கு நொடியில் புரிந்துவிட்டது. கிட்னி தளர்ந்த உடம்பு பொட்டாசியத்தை வெளியே தள்ளாது. அது ரத்தத்திலேயே தேங்கி ஒருநாள் இதயத்தை நிறுத்திவிடும். மற்றவர்களுக்கு மருந்தாக இருந்த கீரையும் இளநீரும் அந்த உப்பும் இந்த மனுஷனுக்கு வேளைக்கு வேளை விஷம்.

“ஆஸ்பத்திரிக்குப் போவோம். இப்பவே.”

“எந்த ஆஸ்பத்திரிக்கு? வாசல்லயே ஸ்கேன் மிஷின் வச்சிருக்கான். வயித்துல சாட்சி இருந்தா பேர வாசிச்சிரும். ‘வாங்க ஆவுடைநாயகி அம்மா’ன்னு என்னய வரவேப்பான். பொறவு ஒன்னய போலீஸ் வரவேக்கும்.”

“கீரைய நிப்பாட்டுங்க, அதையாவது.”

“நிப்பாட்டினா தட்டு சிவப்பாயிரும்லா?”

அதுவும் நிஜம். திட்டத்தையே மாற்றிவிடலாமென்றால் அதற்கும் வழியில்லை. ஆலோசகர்கள் தின்றதற்குத் தகுந்தபடி தினம் ஒரு திட்டம் சொல்ல ஆரம்பித்ததால், சித்திரை ஒன்றாம் தேதி அறிவித்ததை அடுத்த சித்திரை வரை மாற்றக்கூடாது என்று விதி. அப்போது ஐப்பசி.

வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு வழி இருந்தது. அதைச் சொன்னவள் ஆவுடையின் உதவியாளர் மெர்லின். அவளுக்கு இந்த ரகசியம் எதுவும் தெரியாது. தட்டைப் பார்த்துப் பார்த்து அழுதே முகம் வீங்கியிருந்தாள்.

“மேடம், நான் சொல்லுதேன்னு கோவப்படாதீங்க. உடம்புக்கு முடியலன்னு சொல்லி ஆலோசகர் உரிமத்தத் திருப்பிக் குடுத்திருங்க. அன்னைக்கே சாட்சிய அவங்களே அங்க இருந்து அணைச்சிருவாங்க. நீங்களும் நிம்மதியா வைத்தியம் பாக்கலாம். மதுரைல ஒரு மேடம் அப்படித்தான் குடுத்தாங்க. தூத்துக்குடி சார் ஒருத்தரும் குடுத்தாரு.”

அணைந்த சாட்சியில் பெயர் இருக்காது. எந்த ஸ்கேனிலும் அது ஒரு பழைய இரும்புத் துணுக்குதான். ஒரு வார்த்தை சொல்லி உரிமத்தைக் கொடுத்தால் மறுநாளே அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். யாருக்கும் எதுவும் தெரியவராது. அவளுடைய பெயர் போர்டிலிருந்து இறங்கும், அவ்வளவுதான்.

அவ்வளவுதானே என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த மாதக் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. தான் சொன்னதைத் தானே சாப்பிடுகிற ஆலோசகர் கூடுதல் நாள் வாழ்கிறாரா என்று அரசாங்கத்தின் உணவு ஆணையம் பத்து வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தது. அதன் முடிவை ஆணையத்தின் டாக்டர் ரஹ்மத் பானு அந்த மேடையில்தான் சொல்லப்போகிறார். மாநிலத்திலேயே ஒரு நாள்கூடத் தவறாத தட்டு என்று ஆவுடைக்கு அங்கே மரியாதை செய்யப்போகிறார்கள். கீரைக்காரி என்று கூப்பிட்ட அத்தனை வாய்களும் முன்னால் உட்கார்ந்திருக்கும்.

மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் சொன்னாள்.

“உரிமத்தக் குடுத்திருதேன்.”

“ம்.”

“அந்தக் கூட்டம் மட்டும் முடியட்டும். மறுநாளே குடுத்திருதேன்.”

அவர் கீரையைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார். “இத்தன வருஷம் இருந்தாச்சு. இன்னும் மூணு வாரம் என்ன?”

அவர் வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அன்றே கொடுத்திருப்பாள். அவர் சொல்லமாட்டார் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அந்த மூன்று வாரமும் ஆவுடை கீரையை இரண்டு தரம் கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டினாள். அப்படிச் செய்தால் பொட்டாசியம் பாதிக்குப் பாதி தண்ணீரோடு போய்விடும். சாட்சிக்குக் கீரை கீரையாகவே தெரியும். இளநீரில் முக்கால்வாசியைத் தென்னைக்கே ஊற்றிவிட்டு ஒரு மடக்கு மட்டும் கொடுத்தாள். உப்பை நிறுத்தினாள். தட்டில் மஞ்சள் கொஞ்சம் வெளிறியது. மிட்டாய்க்கடைக்காரர் மறுபடி போன் போட்டு, “பாத்தீயளா, சரியாயிட்டு வருது, நான் திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டிக்கிட்டேம்லா” என்றார். ஆவுடைக்கும் மனசு லேசாயிற்று. நம்பவேண்டும் என்று ஆசைப்படுகிறவளுக்கு வெளிறிய மஞ்சளே பச்சையாகத் தெரியும். அவர் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறியதை அவள் பார்க்காமலில்லை. பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூட்டத்தன்று அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை உடுத்தி, பையில் அவள் போனை வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்குப் பெரிய திரை. அதில் ஆவுடையின் தட்டு நேரலையாக ஓடியது. துடிப்பு ஒரு கோடாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அரங்கம் நிரம்பி ஆட்கள் சுவரோரம் நின்றார்கள்.

வரவேற்புரைக்கு முன்னால் ஒருவர் மைக்கைப் பிடித்தார். “இப்ப மணி பதினொண்ணு. அம்மா திட்டப்படி இது இளநீர் நேரம். அம்மாவோட சேர்ந்து இந்த அரங்கமே குடிக்கப் போகுது” என்றார். எல்லோருக்கும் சீவிய இளநீர் வந்தது. முன்வரிசைக்கு மரியாதைக்காகப் பெரிய செவ்விளநீராகப் பார்த்துக் கொடுத்தார்கள். மேடையில் ஆவுடையின் கையிலும் ஒன்றைக் கொடுத்தார்கள்.

அவள் கீழே பார்த்தாள். அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷப் பழக்கம். அவள் தூக்கினால் அவர் தூக்குவார். அவள் கை கொஞ்சம் தயங்கியது. மயக்கமாக வருகிறது என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். இளநீர் புளித்துப்போயிருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய் சொன்னவள்தானே. அத்தனை பேரும் திரையைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

அவள் தூக்கினாள். அவரும் தூக்கினார். ஒரு மடக்கு இல்லை, முழுசையும் குடித்தார். திரையில் பச்சை எரிந்தது, அரங்கம் அதிரக் கைதட்டினார்கள்.

அப்புறம் ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசினார்கள். மைக்கைக் கண்டால் நம் ஆட்களுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். ரஹ்மத் பானு எழுந்து முடிவைச் சொல்லும்போது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. சொன்னபடி சாப்பிட்ட ஆலோசகர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஆறு வருஷம் கூடுதலாக வாழ்கிறார்கள் என்றார். “அதற்கு உயிருள்ள சாட்சி இதோ நிற்கிறார்” என்று ஆவுடையை மைக் முன்னால் அழைத்தார்.

அவள் வணக்கம் சொல்லி வாயெடுத்தபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எல்லோரும் அவளுக்குப் பின்னால் பார்த்தார்கள். அவள் திரும்பினாள். திரையில் துடிப்புக் கோடு பல்லுப்போன ரம்பம் மாதிரிக் கோணிக்கொண்டு ஓடியது. தட்டு முழுக்கச் சிவப்பு. எச்சரிக்கை மணி விடாமல் அடித்தது.

மேடையில் நான்கு டாக்டர்கள் இருந்தார்கள். நான்கு பேரும் பாய்ந்து ஆவுடையைப் பிடித்தார்கள்.

“அம்மா, படுங்க, படுங்க!”

“எனக்கில்ல! கீழ பாருங்க, அவரப் பாருங்க!”

“பேசாதீங்கம்மா, நெஞ்சுக்கு ஆகாது. யாராவது ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க!”

அவளைக் கட்டாயமாகத் தரையில் கிடத்தினார்கள். ஒருவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் மணிக்கட்டில் விரலை வைத்து, “பல்ஸ் நல்லாத்தான இருக்கு” என்று சந்தேகமாகச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். பார்த்ததும் சந்தேகம் போய், மறுபடி அவள் நெஞ்சிலேயே கையை வைத்தார். கையில் துடிக்கிற நாடியைவிடத் தட்டை நம்பி ஊரே பழகிவிட்டிருந்தது. முன்வரிசை முழுக்க எழுந்து மேடையை நோக்கி ஓடி வந்தது. அத்தனை பேர் காலிடுக்கு வழியாக ஆவுடைக்கு ஒரே ஒரு நாற்காலி தெரிந்தது. அதில் அவர் மார்பில் முகவாய் படிய, கூட்டங்களில் தூங்குகிற ஆம்பிளைகளைப் போலத் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார்.

“ஐயோ, விடுங்கல! அது என் நெஞ்சு இல்ல! அது எங்க வீட்டுக்காரரு நெஞ்சு! சாட்சி அவர் வயித்துல இருக்கு! நான் பொய்க்காரி, ஒம்பது வருஷமா நான் திங்கல, எல்லாம் அவருதான் தின்னாரு! அவரப் பாருங்கல!”

“மூளைக்கு ரத்தம் போகல, அதான் உளறுதாங்க” என்றார் கையைப் பிடித்திருந்தவர். மெர்லின் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஏசுவை அழைத்து அழுதுகொண்டிருந்தாள்.

திரையில் கோடு நேராயிற்று. மணி நின்றது. ஆவுடை அலறிக்கொண்டே இருந்தாள். செத்துவிட்டதாகத் திரை சொல்கிற பெண் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டுப் பின்வரிசையில் யாரோ மிஷின் கெட்டுப்போச்சு என்று சிரித்தார்கள். ரஹ்மத் பானுதான் முதலில் சிரிப்பையும் திரையையும் அந்த அலறலையும் சேர்த்துப் பார்த்தார். செருப்பை உதறிவிட்டு மேடையிலிருந்து குதித்து முன்வரிசைக்கு ஓடினார். அவர் போய்த் தொட்டபோது குற்றாலிங்கத்தின் சட்டைப்பையில் போன் மட்டும் சூடாக இருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் ரஹ்மத் பானு வீட்டுக்கு வந்தார். வழக்கு நடக்கும், உரிமம் போய்விட்டது, எல்லாம் ஆவுடைக்குத் தெரியும். அதைச் சொல்ல அவர் வரவில்லை. கூடத்தில் மாலை போட்ட படத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

“என் சோறுதான் அவரக் கொன்னுச்சா டாக்டர்? உள்ளதச் சொல்லுங்க” என்று ஆவுடைதான் ஆரம்பித்தாள்.

“அவருக்குக் கிட்னி ரொம்ப நாளாவே மெல்ல கெட்டுக்கிட்டு வந்திருக்கு. பரம்பரைன்னு நினைக்கிறேன். உங்க திட்டம் அதைத் தொடங்கி வைக்கல, ஆனா கடைசியில அதுதான் தாங்க முடியாம பண்ணிடுச்சு. தட்டு மஞ்சளான அன்னைக்கே வந்திருந்தா கீரையை நிறுத்திட்டு, ரத்தத்தைச் சுத்தம் பண்ணி வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அவர் வயசுக்கு இன்னும் பதினைஞ்சு வருஷம் இருந்திருக்கலாம்.”

அவளுக்குத் தெரியாததை டாக்டர் சொல்லிவிடவில்லை. ஆனாலும் இன்னொருத்தர் வாயால் கேட்டதும் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப அந்த ஆறு வருஷம்?” என்று கேட்டாள். “சொன்னதத் தின்னவங்க கூட வாழுதாங்கன்னு சொன்னீங்களே?”

ரஹ்மத் பானு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அன்னைக்கு அப்புறம் எல்லா ஆலோசகர்களையும் நேர்ல கூப்பிட்டு ஸ்கேன் பண்ணினோம். பாதிப் பேர் வயித்துல சாட்சி இல்ல. பொண்டாட்டி வயித்துல இருக்கு, மருமக வயித்துல இருக்கு, ஒருத்தர் வீட்ல சமையல்காரம்மா வயித்துல. உடம்பு முடியலன்னு உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க பாருங்க, மதுரை, தூத்துக்குடின்னு நிறைய பேர், அவங்களையும் போய்ப் பார்த்தோம். எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா. கல்லு மாதிரி இருக்காங்க. அவங்க வீட்ல இன்னொருத்தர்தான் இல்ல.”

“ஆலோசகர்கள் ரொம்ப நாள் வாழறாங்க. அது நிஜம்தான்” என்று தொடர்ந்தார். “சாப்பிட்டது அவங்கன்னு நாங்க நினைச்சதுதான் தப்பு. உங்க திட்டம் உங்க உடம்பைப் பார்த்து எழுதினது. அது சரியா தப்பான்னு சொல்ல, நீங்க அதை விடாம சாப்பிட்டிருக்கணும். இனிமே அது யாருக்கும் தெரியப் போறதில்ல.”

அவர் போன பிறகு மெர்லின் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள், காலையிலிருந்தே நிற்கிறார்கள், எவ்வளவு சொல்லியும் போகமாட்டேன் என்கிறார்கள் என்றாள்.

கல்லெறிய வந்திருப்பார்கள் என்று ஆவுடை நினைத்தாள். எறியட்டும் என்றுதான் எழுந்து போனாள். ஒருவேளை நாலு கல் பட்டால் நெஞ்சு கொஞ்சம் ஆறும். கேட்டைத் திறந்தபோது தெருமுனை வரைக்கும் வரிசை நின்றது. யார் கையிலும் கல் இல்லை. முன்னால் நின்றவர் மெலிந்த மனிதர், கோவில்பட்டி மிட்டாய்க்கடைக்காரர். அவள் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“துக்கம் கேக்காம வந்துட்டோம்னு நெனைக்காதீங்கம்மா. அண்ணாச்சி போனது எங்களுக்கும் பெரிய வருத்தம்தான்” என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். “போன் போட்டா எடுக்க மாட்டேங்கீங்க. அதான் பஸ் ஏறி வந்தேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதோம். அவங்க சாப்பிட்டத இத்தன வருஷம் நாங்களும் சாப்பிட்டோம். அது வேண்டாம்மா. இந்த வயசுலயும் நீங்க இப்படித் தெம்பா இருக்கியளே, நீங்க நெசத்துல என்னதான் சாப்பிட்டீய? அத மட்டும் எங்களுக்குச் சொல்லிருங்க.”

வரிசையே அவள் வாயைப் பார்த்தது. சிலர் எழுதிக்கொள்ளப் போனை எடுத்து வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டைப் பற்றி எவர் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லிப் பழகியவள் ஆவுடை. இப்போது கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

“அவரோட ஆயுச” என்றாள். “நான் தின்னது அவரோட ஆயுசத்தான் அண்ணாச்சி.”

மிட்டாய்க்கடைக்காரர் தலையைக் குனிந்து, பாவம் என்பது போல உச்சுக் கொட்டினார். பக்கத்திலிருந்தவரை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

“அது சரிம்மா. காலையில வெறும் வயித்துல என்ன எடுத்துக்கிடுவீய?”